தவிட்டு மூட்டைக்குப் பின்னால் இருந்த இதயம்

அம்முணிக்கு,

உன் பிளஸ் டூ விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் இதை எழுதுகிறேன். அப்பா பால் சொசைட்டிக்குப் போய்த் திரும்புகிற முக்கால் மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. நான்கு நாளாகக் கொஞ்சம் எழுதுவதும், வண்டிச் சத்தம் கேட்டதும் நோட்டை ராகி டின்னுக்குள் வைத்து மூடுவதுமாக இருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் உன் குரலைக் கேட்டதும், நீ சொல்கிற விஷயத்தை விட்டுவிட்டு, எந்த இடத்தில் தயங்குகிறாய், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், ஏன் சீக்கிரம் வைக்கப் பார்க்கிறாய் என்று கவனிக்க ஆரம்பித்துவிடுகிறேன். கடிதத்தில் நான் மட்டும்தான் பேச வேண்டும். உன்னைச் சந்தேகப்பட எனக்கு இங்கே வழி கிடையாது.

அடுத்த திங்கட்கிழமை உனக்கு அனாட்டமி பிசியாலஜி சப்ளி பரீட்சை. நர்சிங் முதல் செமஸ்டரில் எல்லாம் தேறிவிட்டதாக எங்களிடம் சொன்ன நீ, அந்த ஒரு பேப்பரில் தோற்றிருக்கிறாய். இது எனக்குத் தெரிந்து ஒரு வாரமாகிறது. எப்படித் தெரிந்தது என்று பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்தப் பரீட்சையை எழுதாமலேயே ஊருக்கு வந்துவிட நீ நினைத்திருக்கிறாய் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. போன மாதம் ஒருநாள் தங்கிப் போனாயே, அன்றைக்கு அப்பாவிடம், சர்டிபிகேட்டெல்லாம் காலேஜில்தானே இருக்கிறது, நடுவில் கேட்டால் கொடுப்பார்களா என்று இரண்டு தடவை கேட்டாய். பேச்சுவாக்கில் கேட்பதுபோலத்தான் கேட்டாய். பிறகு தலையணை கனத்துக்கு இருக்கும் அந்த அனாட்டமிப் புத்தகத்தை பீரோவின் மேல் வைத்துவிட்டு வெறும் பையோடு பஸ் ஏறினாய். கனமாக இருக்கிறது, லைப்ரரியில் வேறு இருக்கிறது என்றாய். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை புத்தகத்தை வீட்டில் விட்டுப் போக மாட்டாள். பஸ் திரும்பும்வரை நான் ஸ்டாப்பிலேயே நின்றதற்கு அதுதான் காரணம்.

பொள்ளாச்சி அத்தை உன் அப்பாவிடம், "புள்ளைக்குப் படிப்புச் செரமமா இருந்தா நிறுத்திப்போடு தம்பி, என்ற பையன் காத்துட்டுத்தான் இருக்கறான்" என்று சொல்லி ஒரு வருஷமாகிறது. அப்பா அப்போது சிரித்து மழுப்பிவிட்டார். நீ தோற்றது தெரிந்தால் அவர் உன்னைத் திட்ட மாட்டார். பாவம், பிள்ளை எதற்கு இவ்வளவு கஷ்டப்பட வேண்டும் என்று மனம் இளகி அக்காவுக்குப் போன் போடுவார். அவருடைய கோபத்தைவிட இந்த இரக்கம் எனக்குப் பெரிய பயம். அதனால்தான் இந்தக் கடிதமும் ராகி டின்னும். நீ ஒரு வருஷத்திலேயே கைவிட்டு வந்து நிற்கக் கூடாது. அதைச் சொல்வதற்கு முன்னால், நீ தோற்றதில் என் பங்கு எவ்வளவு என்பதை நான் எழுதியாக வேண்டும்.

முதல் செமஸ்டர் பரீட்சைக்கு முன்னால் ஸ்டடி லீவில் வந்திருந்தாய். பொழுது சாய்ந்ததும் மொட்டைமாடியில் உலாத்திக்கொண்டே, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, மெல்லப் பேசுவாய். காயப்போட்ட மிளகாயை அள்ளுகிற சாக்கில் நான் படியில் நின்று கேட்டேன். வலது பக்கம் உள்ளே வந்து, கதவைத் தாண்டிக் கீழே இறங்கி, அங்கிருந்து மேலே போய், சுற்றிக்கொண்டு இடது பக்கம் வர வேண்டும் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாய். எவனுக்கோ வீட்டுக்கு வழி சொல்கிறாய் என்றுதான் எனக்குத் தோன்றியது. யாரிடம் பேசினாய் என்று கேட்டதற்கு, ஹாஸ்டல் அறைத்தோழி ஜின்சி என்றாய். நான் போனைப் பிடுங்கி அதே நம்பருக்கு அடித்தேன். சளி பிடித்த கட்டைக்குரல் ஒன்று ஹலோ என்றது. ஆண்குரல் என்றே முடிவு செய்து, உன் அம்மா பெயர் என்ன, ஊர் எது, வீட்டில் எத்தனை பேர் என்று போலீஸ்காரி மாதிரி விசாரித்தேன். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "ஆதார் நம்பர் வேணோ ஆன்ட்டி?" என்று கேட்டாள். நீ சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து மாடிக்கும் போகவில்லை. வாய்விட்டுப் படிப்பதையே விட்டுவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து மனசுக்குள் படித்தாய். இதயத்துக்குள் ரத்தம் போய் வருகிற வழியைத்தான் அன்றைக்கு நீங்கள் இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். பரீட்சையில் நீ தடுமாறிய கேள்வியும் அதுதானாம்.

அதற்கடுத்தது நோம்பி. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நம் ஊரில் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டிவிட்டால், திருவிழா முடிகிறவரை பதினைந்து நாளைக்கு எந்த வீட்டிலும் கறி ஆக்கக் கூடாது, ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. கறிக்கடை ராவுத்தர்கூட ஊருக்குள் இருக்கிற கடையை மூடிவிட்டு, பக்கத்து வேலந்தாவளத்துக் கடையில் மட்டும் வியாபாரம் வைத்துக்கொள்வார். நீ நோம்பிக்கு வந்திருந்தாய். அந்த வாரம்தான் செவலைப் பசுவுக்குச் சினை கலைந்தது. தீவனத்தில் பூஞ்சை என்று மாட்டு டாக்டர் சொன்னார். அவர் சரியாகப் பார்க்காமலேயே சொல்கிறார் என்று எனக்கு அவர்மேல் ஒரு சந்தேகம். ஊரில் எல்லார் வீட்டு மாடும் அதே தீவனத்தைத்தானே தின்கிறது என்று யோசித்துக்கொண்டே மறுநாள் காலையில் தவிடு எடுக்கப் போனேன். மூட்டைக்குப் பின்னால் ஈ மொய்த்தது. மூட்டையை நகர்த்தினால், ஒரு பழைய எவர்சில்வர் டப்பா. அதற்குள் ஓர் ஆட்டு இதயம்.

இதயம் மட்டும் கிடந்திருந்தால் நாய் இழுத்து வந்தது என்று நினைத்திருப்பேன். டப்பாவில் போட்டு நாய் மூடுமா? நடுவில் இரண்டாகப் பிளந்து, ஒரு குழாயில் சிவப்பு நூலும் இன்னொன்றில் நீல நூலும் கோத்து, நான்கு இடங்களில் தென்னை ஈர்க்குச்சி குத்தி, ஒவ்வொரு குச்சியின் தலையிலும் எண் எழுதிய துண்டுத்தாள் செருகியிருந்தது. தகட்டில் கட்டம் போட்டு எண் எழுதிச் செய்வினை வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சாட்டு நடக்கிற ஊரில், சினை கலைந்த வீட்டில், மாட்டுத் தீவனத்துக்குப் பின்னால் நூல் கோத்த இதயம். வேறென்ன நினைப்பேன்? அந்தத் தவிட்டு அறை நமக்கும் உன் சித்தப்பா வீட்டுக்கும் பொது. பாகம் பிரித்தபோது அதை மட்டும் பிரிக்கவில்லை. நம் இரண்டு வீட்டாரைத் தவிர அங்கே வேறு யாரும் போவதில்லை. கிணற்று மோட்டாரை யார் எப்போது ஓட்டுவது என்கிற முறை விஷயமாகச் சரசுச் சின்னம்மாவுக்கும் எனக்கும் அதற்கு முந்தின வாரம்தான் வாய்த்தகராறு. எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அவள்தான் என்று முடிவு செய்ய.

நான் போட்ட சத்தத்தில் நீ ஓடிவந்து மாட்டுக் கட்டுத்தரை வாசலில் நின்றாய். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. செய்வினையைப் பார்த்துப் பிள்ளை பயந்துவிட்டது என்று நினைத்து, உன் நெற்றியில் திருநீறு பூசி, வீட்டுக்குள் போய்ப் படு என்று அனுப்பினேன். சந்தேகப்படுவதில் எனக்கு இவ்வளவு பழக்கம் இருந்தும், சந்தேகப்பட வேண்டிய முகம் எதிரில் நின்றபோது திருநீறு பூசி அனுப்பியிருக்கிறேன் பார்.

மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சாயங்காலம் கோயில் முன்னால் பெரியவர்களை உட்காரவைத்து, சரசு சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது நான். எதற்கு வம்பு என்று உன் அப்பா இரண்டு முறை என் கையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை. சரசு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு கூட்டத்தில் நின்ற உன்னைப் பார்த்தாள். எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி, "நாஞ் செய்யலீங்க. செஞ்சிருந்தா இந்த ஆத்தா என்னைக் கேக்கட்டும்" என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். பொய் சொல்கிறவள் கை இவ்வளவு நிதானமாக இருக்குமா என்று எனக்கே ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அந்தக் கணத்தையும் சந்தேகப்பட்டேன். "துணிஞ்சவங்களுக்குச் சூடமும் ஒண்ணுதான், சோத்துப்பானையும் ஒண்ணுதான்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு நடந்தேன். அந்த ஒரு வார்த்தையால் சத்தியம் செய்தும் அவள்மேல் கறை ஒட்டிக்கொண்டது. அந்த நோம்பியில் மாவிளக்கு எடுக்க அவளை யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் நீ, சாட்டு முடியாத ஊரைத் தாண்டி, ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். அம்மனுக்குக்கூடப் பயப்படாமல் போகிறாளே, அங்கே அப்படி என்ன இழுக்கிறது என்று உன்மேல் ஒரு சந்தேகத்தை நான் மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

இனி எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். போன வாரம் உன் காலேஜில் பி.டி.ஏ. மீட்டிங். நீ எங்களிடம் சொல்லவே இல்லை. காலேஜிலிருந்து அப்பா போனுக்குச் செய்தி வந்தது. அவர் படிக்கிற பழக்கமில்லாததால் நான் பார்த்தேன். கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாலக்காட்டுக்கு பஸ் ஏறினேன். நீ அன்றைக்கு ஆஸ்பத்திரி டியூட்டியில் இருந்தாய். மீட்டிங் முடிந்ததும் அனாட்டமி டீச்சர் என்னை மட்டும் நிற்கச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ ஒரு பையன் விஷயம்தான் என்று நினைத்துக்கொண்டே அவர் பின்னால் லேபுக்குப் போனேன். எலும்புக்கூட்டையும் படங்களையும் தாண்டி ஒரு மேஜை. அதன்மேல் ஐந்தாறு கண்ணாடிச் சாடிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்டு இதயம். சிவப்பு நூல், நீல நூல், குத்திய குச்சிகள், குச்சித் தலையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ரத்தம் பார்த்தால் ஆகாது போல என்று டீச்சர் நாற்காலி போட்டார். தோற்ற பிள்ளைகளை எல்லாம் கறிக்கடையில் இதயம் வாங்கிப் பிளந்து பார்க்கச் சொன்னாராம். நல்ல ரத்தம் போகிற வழிக்குச் சிவப்பு நூல், கெட்ட ரத்தம் வருகிற வழிக்கு நீலம், நான்கு அறைக்கும் நான்கு எண். உங்கள் மகள் மட்டும் கொண்டுவரவில்லை, ஊரில் நோம்பி, கறி தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள் என்றார். அவர் உன் மார்க்கைக் காட்டினார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மே, ஆ குட்டிக்கு புத்தி குறவில்லா. பேடியாணு கூடுதல்." புத்தி குறைவில்லை, பயம்தான் அதிகம். அந்தப் பயம் பரீட்சையைப் பார்த்து வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள், நான்கு மாதத்துக்குப் பிறகு, வேலியைத் தாண்டிச் சரசுவின் வாசலுக்குப் போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தாள். ஏனக்கா, மறுபடியும் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, ஒரு கட்டுத் தட்டை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க்கா. மத்தியானமே அம்முணி பின்னாடி வேலி வழியா வந்து காலைப் புடிச்சுட்டு அழுதா."

தெரிந்துமா சூடத்தில் கை வைத்தாய், ஊர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொன்னாப் படிப்பை நிறுத்திப்போடுவீங்கன்னு அழுதாளுங்க. நாஞ் செய்யலீன்னு சத்தியம் பண்ண எனக்கென்ன பயம்? நாஞ் செய்யலீல்ல." தலையைத் தூக்காமலே மேலும் சொன்னாள்: "இதயத்துக்குள்ள நாலு ரூம்பு இருக்குதுன்னு அம்முணி சொன்னா. உங்களுக்கு நாலு ரூம்புலயும் சந்தேகமே குடியிருக்குதாட்ட."

அவள் உள்ளங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. நான் பார்த்தேன். அவள் மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. அன்றைக்குக் கூட்டத்தில் அவள் உன்னைப் பார்த்த பார்வை, பயப்படாதே என்று சொல்வதற்கு என்று இப்போது புரிகிறது. நான் அதைச் சதிகாரப் பார்வை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இந்தச் சந்தேகம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டதில்லை. ஆனாலும் சொல்கிறேன், இதற்காக என்னை மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. நான் பத்தாவது படிக்கும்போது, பரீட்சைக்கு முன்னால் என்னை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று வீட்டில் பேச்சு அடிபட்டது. எல்லாரும் தூங்கின பிறகு, சாமி அறை விளக்கு வெளிச்சத்தில், எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதினேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசுங்கள் என்று கெஞ்சி எழுதினேன். இருமல் சத்தம் கேட்டாலும் தாளை வாயில் போட்டு மென்றுவிடலாமா என்கிற அளவுக்குப் பயம். காலையில் என் அப்பா அதைப் புத்தகத்துக்குள் கண்டுபிடித்தார். மேலே இருந்த 'அன்புள்ள' என்ற வார்த்தையைத் தாண்டி அவர் படிக்கவே இல்லை. கிழித்து அடுப்பில் போட்டார். அன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அவர் மட்டும் இரண்டாவது வார்த்தையைப் படித்திருந்தால் என்று வருஷக்கணக்காக மனதுக்குள் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நானும் உன் எண்களையும் நூலையும் பார்த்து, அதற்கு மேல் படிக்காமல் ஊரைக் கூட்டியிருக்கிறேன்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். டீச்சர் உன்னைப் பற்றிச் சொன்ன குறை ஒன்றே ஒன்று. நீ பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்கிறாய். முதல் வரியிலிருந்து சொல்லச் சொன்னால் கடகடவென்று வருகிறது. நடுவிலிருந்து கேட்டால் மறுபடி முதல் வரிக்கு ஓடி அங்கிருந்து வர வேண்டியிருக்கிறது. மேஜை மேஜையாக எலும்பை வைத்து, மணி அடித்ததும் நகரச் சொல்கிற அந்தப் பரீட்சையில் ஓடிவர உனக்கு நேரம் போதவில்லை. தமிழ் மீடியத்தில் பத்தாவது வரைக்கும் படித்துவிட்டு, இங்கிலீஷ் புத்தகத்தை மலையாளத்தில் விளக்கக் கேட்டு எழுதுகிற பிள்ளை வேறு என்ன செய்வாள்? அர்த்தம் பிடிபடாத இடத்தில் வரியைப் பிடித்துக்கொண்டாய். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை நீ டீச்சரிடமும் கேட்கவில்லை, ஜின்சியிடமும் கேட்கவில்லை. தெரியாது என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை நம் வீட்டில் கற்றுக்கொண்டிருக்கிறாய். டீச்சரிடம் போய்க் கேள். அந்தச் சிரிப்பை நான் தப்பாக எடுத்துக்கொண்டேன், நல்ல மனுஷி. பட்டினி கிடந்து படிக்காதே. விடிய விடிய விழித்திருந்து படித்ததெல்லாம் மணி அடித்ததும் பறந்துவிட்டது என்று ஜின்சி சொன்னாள். ஆமாம், அவளுக்கும் போன் செய்தேன். இந்தத் தடவை அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான்.

எனக்கு அனாட்டமி சொல்லித்தர வராது. ஆனால் எனக்கு ஒன்று நன்றாக வரும், சந்தேகப்படுவது. திங்கட்கிழமை வரைக்கும் தினம் சாயங்காலம் எனக்குப் போன் செய். ஒரு பாடத்தை நம் பேச்சில் சொல். நான் நடுவில் புகுந்து கேட்பேன். பீரோவின் மேலிருந்து உன் புத்தகத்தை இறக்கி நானும் சரசுவும் படம் பார்த்தோம். இதயம் சுருங்கும்போது ரத்தம் வந்த வழியே திரும்பிப் போகாதா என்று நான் கேட்டேன். சரசு படத்தை உற்றுப் பார்த்து, நம் கிணற்று மோட்டாருக்கு அடியில் இருக்கிற ஃபுட் வால்வு மாதிரி இங்கேயும் ஏதோ கதவு இருக்கிறது என்றாள். அது சரியா? சரியென்றால், அந்தக் கதவு பழுதானால் எங்கே தண்ணீர் தேங்கும், காலிலா நெஞ்சிலா? இன்னொன்று. ரத்தத்தில் நீலம் ஏது, புத்தகம் போட்டவன் ஏமாற்றுகிறான் என்று நான் சொல்கிறேன். படம் புரிவதற்காகப் போட்டிருப்பார்கள் என்று அவள் சொல்கிறாள். யார் சொல்வது சரி? நுரையீரலுக்குப் போகிற குழாய்க்கு மட்டும் ஏன் நிறம் மாற்றிப் போட்டிருக்கிறது? அச்சுப் பிழையா? முதல் வரியிலிருந்து ஆரம்பிக்காதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். பரீட்சை வைக்கிறவர் என்னைவிடவா சந்தேகக்காரராக இருந்துவிடப் போகிறார்?

புத்தகத்தை நாளைக் காலை பாலக்காட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்து ஹாஸ்டல் வாசலில் சேர்க்கச் சொல்கிறேன். இந்தக் கடிதம் அதற்குள், இதயப் படம் இருக்கிற பக்கத்தில் இருக்கும். உன்னைப் போல மார்க்கை ஒளித்துவைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் அங்கே இருந்தால், வேண்டுமானால் அவர்களுக்கும் படித்துக்காட்டு. எங்கள் வீட்டு அம்மா இப்படியில்லை என்று சந்தோஷப்படட்டும். இல்லையென்றால் துணையாக இருக்கட்டும்.

இன்னும் ஒரு காரியம் பாக்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை. அன்றைக்குச் சத்தியம் பார்த்தவர்கள் எல்லாரும் வருவார்கள். அவர்கள் முன்னால் சரசு கையைப் பிடித்துக்கொண்டு, அந்த இதயம் என் மகளுடைய பாடம், அதைச் செய்வினை என்று சொன்னது என் தப்பு என்று சொல்லப்போகிறேன். வேண்டாம், பிள்ளை விஷயம் வெளியே வரும் என்று சரசு தடுக்கிறாள். நீயும் பயப்படுவாய் என்று தெரியும். உன் மார்க்கைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். அதை அப்பாவிடம் எப்போது சொல்ல வேண்டுமோ அப்போது நீயே சொல். சொல்கிற அன்றைக்கு நான் உன் பக்கத்தில் நிற்பேன், பொள்ளாச்சிக்குப் போன் போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. திங்கட்கிழமை நீ போய் எழுது. மறுபடி தோற்றாலும் எழுதித் தோற்றுவிட்டு வா.

ஊரில் இருப்பவர்கள் சும்மா விட மாட்டார்கள். பாடம்தானே, பிறகு எதற்காகப் பிள்ளை அதைத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள் என்று யாராவது கேட்பார்கள். அப்பாவும் அங்கே நின்றுகொண்டிருப்பார். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன், அது பொய்யும் இல்லை. என்னைக் கண்டு பயந்து ஒளித்தாள் என்று சொல்வேன்.

உன் அம்மா